கூடு திரும்பாத கோழி

கோழியொன்று காணாமற்போவது எழுதத்தக்க ஒரு செய்தியாகுமா என்று கேட்பவர்கள் உளர். பட்டினத்து மாடிவீடுகளில் வாழ்பவர்களுக்கு அது செய்தியன்று. முட்டை என்பது கடையிலே, அட்டைத் தட்டிலே பிறப்பதாகவே அவர்களுடைய பிள்ளைகள் எண்ணிக்கொண்டிருக்கவுங் கூடும். ஆனால், யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றிலே, வேலியும் கிணற்றடியும் கோடிப்புறமும் உள்ள வளவொன்றிலே, பொழுதுபடுகின்ற வேளையில் ஒரு கோழி குறைகின்றதென்றால், அந்த வீட்டில் அன்றிரவு எவருக்கும் சோறு இறங்காது. நான் சொல்லப்போவது அத்தகைய ஒரு கோழியின் கதை. அந்தத் தேட்டத்தின் நடுவே நான் செய்த ஒரு பிழையையும் மறையாமற் சொல்லிவிட எண்ணுகின்றேன்.

என் தாயாருக்கு இப்பொழுது 88 வயது. கண் மங்கிவிட்டது, காது இன்னும் மங்கவில்லை. அவருடைய பராமரிப்பில் ஐந்து பேடுகளும் ஒரு சேவலும் இருந்தன. மாலையில் வாசலிலுள்ள வேம்பின் நிழல் கிணற்றடியைத் தொடுகின்ற வேளை, கோழிகள் ஒவ்வொன்றாகக் கூட்டடிக்கு வந்துசேரும். அம்மா ஒரு பலகைக்கட்டையில் அமர்ந்து, விரலை நீட்டி எண்ணுவார். எண்ணி முடித்தபின் மறுபடியும் எண்ணுவார். அதன்பின்னரே கூட்டின் கதவை அடைப்பார். மழையானாலும் காய்ச்சலானாலும் அந்த எண்ணிக்கை தவறியதில்லை.

அதற்கொரு காரணம் உண்டு. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி, வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழுந்து தென்மராட்சியை நோக்கியும் வடமராட்சியை நோக்கியும் நடந்ததை இந்தப் பகுதியைச் சேர்ந்தவர்களுக்கு நான் விரித்துச் சொல்லவேண்டியதில்லை. அன்றிரவு எங்கள் வீட்டிலும் மூட்டை கட்டினோம். சைக்கிளில் ஏற்றக்கூடியதை ஏற்றினோம். படலையைத் தாண்டுமுன் அம்மா கோடிப்புறம் போனார். கூட்டின் கதவைத் திறந்துவிட்டார். வீட்டிலிருந்த குறுநல் அரிசி முழுவதையும் நிலத்திலே கொட்டினார். பதினொரு கோழிகள் இருட்டிலே கூட்டுக்குள் அசையாது இருந்தன. 1996ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குச் சற்று முன்னர் நாங்கள் திரும்பிவந்தபோது, வீட்டின் கூரையிற் பாதி இல்லை. கோழிக்கூடு மட்டும் இருந்தது, கதவு திறந்தபடி. கோழி ஒன்றேனும் இல்லை. நிலத்தில் ஓர் இறகுதானும் இல்லை. அம்மா அதைப்பற்றி அன்று ஒன்றும் பேசவில்லை. பின்னாளில் எங்கேயோ மூன்று குஞ்சுகளை வாங்கிவந்து வளர்க்கத் தொடங்கியபோது, எண்ணும் வழக்கமும் உடன் வந்தது.

சென்ற பாடசாலை விடுமுறைக் காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, அந்த எண்ணிக்கை பிசகியது.

“தம்பி, ஐஞ்சுதான் நிக்குது. புள்ளிச்சியைக் காணேல்லை.”

புள்ளிச்சி என்பது கறுப்பில் வெள்ளைப் புள்ளியிட்ட பேடு. இரண்டு வயதிருக்கும். நான் கைவிளக்கை எடுத்துக்கொண்டு விறகுக் கொட்டில், வைக்கோற்போரின் அடி, வாழைப்பாத்தி, மரக்கிளைகள் எங்கும் பார்த்தேன். ஒழுங்கையிலும் ஒருமுறை நடந்து வந்தேன். “கீரி பிடிச்சிருக்கும் அம்மா,” என்றேன். அம்மா பதில் சொல்லவில்லை. கூட்டின் கதவை வழக்கத்திலும் தாமதித்தே அடைத்தார்.

இனித்தான் என் பிழை வருகின்றது.

எங்கள் வளவுக்கு மேற்கே ஒரு குடும்பம் வாழ்கின்றது. தகப்பன் இல்லை, தாய் தையல் வேலை செய்து பிழைக்கிறார். அவருடைய மகன் பதின்மூன்று வயதுச் சிறுவன். மாலை வேளையில் என்னிடம் தமிழும் கணக்கும் படிக்க வருவான். பணம் எதுவும் நான் வாங்குவதில்லை; அதிலே எனக்கொரு பெருமையும் உள்ளூர இருந்தது என்பதை இப்பொழுது உணர்கின்றேன். அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் அவன் வேலிப் பொட்டினூடாக எங்கள் கோடிப்புறத்துக்கு வந்து, விழுந்த பந்தை எடுத்துக்கொண்டு ஓடியதை நான் கண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை வேலியோரம் நின்று அவனைக் கூப்பிட்டேன். தாயும் பக்கத்தில் துணி காயவிட்டுக்கொண்டு நின்றார்.

“டேய், நேற்று மத்தியானம் எங்கடை கோடிக்குள்ளை நிண்டனியெல்லே. எங்கடை கோழி எங்கை?”

கண்டாயா என்று நான் கேட்கவில்லை. எங்கே என்று கேட்டேன். இரண்டுக்குமுள்ள வேறுபாட்டை ஒரு தமிழாசிரியனுக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. சிறுவன் என்னைப் பார்த்தான், தாயைப் பார்த்தான். “நான் பந்து எடுக்கத்தான் வந்தனான், சேர்,” என்று மட்டும் சொன்னான். தாய் துணியை உதறிக் கொடியிற் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அன்று மாலை சிறுவன் படிக்க வரவில்லை.

முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன் நான். சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை எத்தனை வகுப்புகளுக்குக் கற்பித்திருப்பேன்! சிலம்பொன்று காணாமற்போனது, ஆராயாது ஒரு சொல் சொன்னான் அரசன், அந்தச் சொல்லுக்காக ஓர் உயிர் போயிற்று, பின்னர் அரசனே வீழ்ந்தான். ஆராயாத சொல் எவ்வளவு கொடியது என்று கரும்பலகையின் முன் நின்று குரல் தழுதழுக்கச் சொல்லியிருக்கின்றேன். என் வளவில் ஒரு கோழி குறைந்தவுடன் நானும் அதையேதான் செய்தேன். அரண்மனை இல்லை, செங்கோல் இல்லை, வேறுபாடு அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா என்னைக் கோடிப்புறம் அழைத்துப் போனார். மங்கிய கண்ணோடு அவர் காட்டிய காரியங்களை என் தெளிந்த கண் காணாதிருந்தது எனக்கு வெட்கமாயிருந்தது.

“கீரி எண்டால் இறகு கிடக்கும். மரநாய் எண்டால் இறகும் கிடக்கும், மற்றக் கோழியளும் வெருண்டு நிக்கும். வெள்ளிக்கிழமை எங்கையாவது இறகு கண்டனியே?”

“இல்லை, அம்மா.”

“இறகைக் காணாமல் செத்துப்போச்சுதெண்டு சொல்லக்கூடாது, மோனை.”

இதைச் சொல்லும்போது அவர் பார்வை திறந்திருந்த கூட்டின்மீது பதிந்திருந்தது. நான் மேலே ஒன்றும் கேட்கவில்லை.

பின்னர் அவர் ஒரு கடகத்தைக் காட்டினார். வைக்கோல் பரப்பிய அந்தப் பழைய கடகத்தில்தான் புள்ளிச்சி முட்டையிடுவது வழக்கம். இரண்டு கிழமைக்கு மேலாக அதில் முட்டையில்லை. ஆனால் கொண்டை நன்றாகச் சிவந்திருந்தது என்றார் அம்மா. முட்டையிடுகின்ற பேட்டின் கொண்டை இரத்தமோடிச் சிவந்திருக்கும். இடுவதை நிறுத்தினால் வெளிறிச் சுருங்கும். கொண்டை சிவந்திருக்கிறது, கடகம் வெறுமையாயிருக்கிறது என்றால், கோழி வேறெங்கோ களவாக முட்டையிட்டு வந்திருக்கிறது என்பதே பொருள். ஒரு கூடு நிரம்பியதும், வெள்ளிக்கிழமை மாலை, அது அடைக்குப் படுத்துவிட்டது.

அம்மா அனுபவத்தால் அறிந்ததைப் பறவையியலாளர் நூல்களும் உறுதிப்படுத்துகின்றன. பேடு ஒரே நாளில் ஒரு முட்டைக்கு மேல் இடுவது அரிது. பத்துப் பன்னிரண்டு முட்டை சேரும்வரை அது கூட்டில் இராது. முட்டையை இட்டுவிட்டு எழுந்துபோய் மற்றக் கோழிகளோடு மேயும். மாலையில் ஒன்றுமறியாதது போல வீடு திரும்பும். அடையின் வெப்பம் கிடைக்கும்வரை முட்டைக்குள் இருக்கும் கரு பெரிதாக வளர்வதில்லை. போதிய முட்டை சேர்ந்ததும் பேட்டின் உடலில் புரோலக்ரின் என்னும் ஓமோன் பெருகுகின்றது. முட்டையிடுதல் நின்றுவிடுகின்றது; மார்பின் இறகு உதிர்ந்து, இரத்தக் குழாய்கள் நிறைந்த வெறுந்தோல் முட்டையைத் தொடுகின்றது. எல்லா முட்டைகளும் ஏறத்தாழ ஒரே வேளையில் வெப்பம் பெறத் தொடங்குவதனால், முதலில் இட்டதும் கடைசியில் இட்டதும் ஒரே நாளையொட்டிப் பொரிக்கின்றன. அதற்கு 21 நாட்கள்.

ஒளித்து முட்டையிடுவது கோழியின் கள்ளத்தனமன்று, அதன் குலவழக்கம். வீட்டுக்கோழியின் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. தென்மேற்குச் சீனம், வட தாய்லாந்து, மியன்மார் ஆகிய பகுதிகளிலே வாழும் அதன் ஒரு கிளையினத்திலிருந்தே வீட்டுக்கோழி பெரும்பாலும் தோன்றியது என்று 2020இல் வெளியான மரபணு ஆய்வொன்று காட்டியது. எங்கள் நாட்டின் தேசியப் பறவையான இலங்கைக் காட்டுக்கோழி அதற்கு ஒன்றுவிட்ட உறவு. காட்டுப் பேடு புதரடியிலே, நிலத்திலே, எவர் கண்ணும் படாத இடத்தில் முட்டையிட்டுத் தனித்துக் கிடக்கும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதனுடைய முற்றத்தில் மேய்ந்தும், ஊர்க்கோழி இன்னும் அந்தக் காட்டை மறக்கவில்லை. மாறாக, முட்டைக்கென்றே தெரிந்தெடுத்துப் பெருக்கிய வெள்ளை லெகோர்ன் போன்ற இனங்கள் அடைகிடப்பதைப் பெரும்பாலும் மறந்துவிட்டன. அவற்றின் முட்டைகளைப் பொறிகளே பொரிக்கவைக்கின்றன.

“அப்ப அது உயிரோடைதான் இருக்குது,” என்றேன் நான். “நாளைக்கோ மறுநாளோ தீன் தின்ன வெளியிலை வரும். வந்தாப் பிறகு உந்தப் பெடியனிட்டைப் போய்ச் சொல்லலாம்.”

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“கோழி வந்தாப் பிறகு ஏன் போறாய்? கோழியே சொல்லிப்போடும், அவன் எடுக்கேல்லை எண்டு. நீ சொல்லுறதெண்டால் அதுக்கு முன்னம் போய்ச் சொல்லு.”

எழுத்துக்கூட்டி வாசிக்க மட்டுமே அறிந்த ஒரு முதியவள் சொன்னது அது. சான்று கிடைத்தபின் கேட்கும் மன்னிப்பு கணக்கை நேராக்கும். மனத்தை நேராக்காது என்பதை அதனிலும் சுருங்கச் சொல்ல என்னாலும் ஆகாது.

ஞாயிற்றுக்கிழமை மாலை மேற்கு வளவின் படலையைத் தட்டினேன். பல்லாண்டுகளாக அந்தப் பிள்ளையே எங்கள் படலையைத் தட்டி வந்திருக்கிறானேயன்றி, நான் அங்கே போனதில்லை. தாய் தையல் யந்திரத்தை நிறுத்தி எழுந்து நின்றார். சிறுவன் ஒரு மூலையிற் கொப்பியை விரித்துவைத்து எழுதிக்கொண்டிருந்தான்.

“பிள்ளை, நேற்று நான் தம்பியைக் கேட்டது பிழை. கோழி இன்னும் கிடைக்கேல்லை. கிடைக்காட்டிலும் நான் கேட்டது பிழைதான்.”

தாய் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், “நீங்கள் அவனுக்குப் படிப்பிச்சுவிடுறீங்கள், சேர். அதுக்காக நாங்கள் ஒண்டும் சொல்லேல்லை. வேறை ஆராவது கேட்டிருந்தால் நான் சும்மா இருந்திருக்க மாட்டன்,” என்றார்.

அந்தச் சொல் எனக்கு உறைத்தது. நான் இலவசமாகக் கொடுத்ததாக எண்ணியிருந்த கல்வி, அந்த வீட்டில் ஒரு வாய்ப்பூட்டாக மாறியிருந்தது. சிறுவன் கொப்பியிலிருந்து தலை நிமிரவேயில்லை. நான் வீடு திரும்பினேன்.

திங்கட்கிழமை முற்பகல் பத்தரை மணியளவில் அம்மா சொன்னது நிகழ்ந்தது. கிணற்றடியில் புள்ளிச்சி நின்றது! இறகு முழுவதையும் சிலிர்த்து, இருமடங்கு பருத்து, ‘கொக், கொக்’ என்று தாழ்ந்த குரலில் இடைவிடாது சொல்லிக்கொண்டு, போட்ட குறுநலை அவசரமாகக் கொத்தியது. மற்றப் பேடுகள் அதனைத் துரத்தின. கோழிக்கூட்டத்திலே எது எதனைக் கொத்தலாம் என்றொரு வரிசை உண்டென்பதை 1920களின் தொடக்கத்திலே நோர்வே நாட்டு அறிஞர் ஷெல்டெரப் எப் விரித்தெழுதினார். கூட்டத்தை விட்டு விலகிப்போய் வருகின்ற கோழிக்கு அந்த வரிசையில் இடம் தாழும். புள்ளிச்சி அதைப் பொருட்படுத்தவில்லை. தண்ணீர் குடித்தது, வாழையடிப் புழுதியிற் புரண்டு குளித்தது, கால்மணி நேரத்தில் எழுந்து நடந்தது.

நான் பின்தொடர்ந்தேன். அடைக்கோழியைப் பின்தொடர்வது எளிய காரியமன்று. பார்க்கிறோம் என்று தெரிந்தால் அது கூட்டுக்குப் போகாது. எதிர்த்திசையிலே மேயும், நின்று தலையைச் சாய்த்து நம்மைப் பார்க்கும், நாம் கண்ணிமைக்கின்ற நேரத்தில் மறைந்துவிடும். கிழக்கு வேலியின் கிளுவைகளுக்கிடையே அது மறைந்ததைக் கண்டேன். அப்பால் கண்டிலேன். செவ்வாய்க்கிழமையும் அவ்வாறே ஏமாந்தேன்.

புதன்கிழமை முற்பகல் குறுநலோடு கிணற்றடிக்குப் போனபோது, மேற்கு வளவின் மாமரத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

“சேர், நீங்கள் அசையாமல் நில்லுங்கோ. மேலையிருந்து பாத்தால் தெரியும்.”

சிறுவன் உயரமான கிளையொன்றில் இருந்தான். எப்பொழுது ஏறினானோ தெரியாது. புள்ளிச்சி வந்தது, தின்றது, குளித்தது, போயிற்று. நான் அசையவில்லை. அவன் கை நீண்டு, காற்றிலே அதன் வழியைக் கோடிழுப்பதுபோல மெல்ல நகர்ந்தது. “வேலி தாண்டீட்டுது… வடலிக்குள்ளை நிக்குது… சுத்துது… இப்ப உடைஞ்ச வீட்டுக்குள்ளை போகுது.”

எங்களுக்குக் கிழக்கேயுள்ள வளவு ஆளில்லாதது. அந்த வீட்டார் 1995இல் எங்களோடு புறப்பட்டவர்கள், பின்னர் கடல் கடந்து போனார்கள், திரும்பவில்லை. கூரை விழுந்து, சுவர்களுக்குள்ளே வடலியும் பற்றையும் வளர்ந்துவிட்டன. சிறுவனும் நானும் வேலியைத் தாண்டிப் போனோம். குசினியின் மூலையில் பழைய அடுப்புமேடை இருந்தது. அதன் கீழே, விறகு அடுக்கும் பொந்துக்குள், காய்ந்த பனையோலைச் சருகின்மேல் புள்ளிச்சி பரந்து கிடந்தது. எங்களைக் கண்டும் எழவில்லை. கழுத்திறகைச் சிலிர்த்து ஒரு நீண்ட குரல் கொடுத்தது. சிறுவன் கையை மெல்ல அடியில் விட்டு எண்ணினான். பதினொன்று.

அம்மாவிடம் அந்த எண்ணைச் சொன்னபோது அவர் ஒருகணம் பேசாதிருந்தார். பிறகு, “அதை எழுப்பாதையுங்கோ. அங்கையே கிடக்கட்டும்,” என்றார்.

இடம் மாற்றினால் அடையைக் கைவிட்டுவிடும் கோழிகள் உண்டு. அங்கேயே விட்டாலோ பாம்பும் கீரியும் மரநாயும் உண்டு. பொந்தின் வாயைக் கம்பிவலையால் மூடி, நாள்தோறும் முற்பகலில் ஒருமுறை திறந்துவிடுவது என்று முடிவாயிற்று. அந்தப் பொறுப்பைச் சிறுவன் ஏற்றுக்கொண்டான். வெள்ளிக்கிழமை மாலையே முதல் அடை என்றால் எந்த நாளில் பொரிக்குமென்று நான் கேட்டேன். “மூண்டு கிழமை, சேர். வெள்ளிக்கிழமைதான்,” என்றான், விரல் மடிக்காமல். அன்று மாலை அவன் கொப்பியோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். நான் கதிரையை இழுத்துப் போட்டேன். இருவரும் முன்னைய நாட்களைப்பற்றிப் பேசவில்லை.

இருபதாம் நாள் நாங்கள் பொந்தருகே குந்தியிருந்தபோது முட்டைக்குள்ளிருந்து மெல்லிய கீச்சொலி கேட்டது. புள்ளிச்சி தாழ்ந்த குரலில் மறுமொழி சொன்னது. ஓட்டை உடைக்கு முன்னரே தாயும் குஞ்சும் பேசிக்கொள்வதை நூலிற் படித்திருக்கின்றேன். காதாற் கேட்டது அன்றுதான். சொண்டின் நுனியிலுள்ள சிறிய முட்டைப்பல்லால் குஞ்சு ஓட்டைக் கீறி வெளிவருகின்றது. வெளிவருமுன் மஞ்சட்கருவின் எச்சத்தை உடலுக்குள் இழுத்துக்கொள்வதால் ஓரிரு நாட்கள் தீனின்றியும் வாழும். ஆகவேதான் கடைசிக் குஞ்சு பொரிக்கும்வரை தாய் எழாமல் இருக்க முடிகின்றது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் ஒன்பது பொரித்தன. இரண்டு கூழ்முட்டை.

ஞாயிற்றுக்கிழமை புள்ளிச்சி தானாகவே எழுந்து, வேலியின் அதே பொட்டினூடாக ஒன்பது குஞ்சுகளையும் நடத்திக்கொண்டு எங்கள் கோடிப்புறத்துக்கு வந்தது. மேற்கு வளவிலிருந்து சிறுவனின் தாயும் வந்து பார்த்தார். “சேரின்ரை கோழிக்கு எங்கடை பெடியன்தான் மருத்துவிச்சி,” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் இன்னும் சிறிது மீதம் இருந்தது. அது இருக்கவேண்டியதே. சொன்ன சொல்லை மீட்க முடியாது; அதன்மேல் நல்ல நாட்களை ஒவ்வொன்றாக அடுக்கலாம், அவ்வளவே.

பொழுதுபட்டது. அம்மா பலகைக்கட்டையில் அமர்ந்தார். பெரியவை ஆறும் சரியாக இருந்தன. குஞ்சுகளை எண்ணத் தொடங்கினார். அவை நிலைகொள்ளாது தாயின் சிறகுக்குள் நுழைவதும் வெளிவருவதுமாக இருந்தன. இரண்டுமுறை எண்ணியும் அவருக்குக் கணக்குச் சரிவரவில்லை.

“அப்பன், எனக்குக் கண் தெரியேல்லை. நீ எண்ணிச் சொல்லு.”

சிறுவன் குந்தியிருந்து எண்ணினான். அவரைப் போலவே விரலை நீட்டி, ஒருமுறைக்கு இருமுறை எண்ணினான்.

“எல்லாம் நிக்குது, ஆச்சி.”

அம்மா எழுந்து கூட்டின் கதவை அடைத்தார்.